மூன்று ஸ்தாயிகளும் ஒரே குரலும்

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் ஒருவருடைய பாட்டைப் புகழ வேண்டுமென்றால் 'எட்டுக் கட்டைச் சாரீரம்' என்று சொல்லிவிடுவார்கள். கல்யாண வீட்டுக் கச்சேரியானாலும் கோயில் திருவிழா மேடையானாலும், பாடகர் மேல் ஸ்தாயியில் (ஒரு 'ச' முதல் அடுத்த 'ச' வரையுள்ள சுர வரிசையே ஒரு ஸ்தாயி) ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டால் பந்தல் முழுக்கக் கைதட்டல் எழும். அதே பாடகர் கீழ்ப் பஞ்சமத்துக்கு (கீழ் ஸ்தாயியின் 'ப' சுரத்துக்கு) இறங்கி, அங்கே நிதானமாகச் சுரத்தை நீட்டிக் கார்வை கொடுத்துச் சுருதியோடு கரைந்து நிற்கும் நேரத்தில் பந்தலில் பேச்சுச் சத்தம் கூடிவிடும். பாடகர்களை ஒப்பிட்டுப் பேசும்போதும் இதுவே வழக்கமாக இருக்கிறது. யார் எவ்வளவு மேலே போனார் என்பதற்கு அப்பால் கேள்வி நகர்வதில்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. மேல், நடு, கீழ் என்ற மூன்று ஸ்தாயிகளிலும் ஒரு குரல் அதே குரலாக இருக்கிறதா, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் இடத்தில் அதற்கு என்ன நேர்கிறது என்பதைக் கேட்டுத்தான் இரண்டு பாடகர்களை ஒப்பிட முடியும் என்று கருதுகிறேன். அப்படிக் கேட்கப் பழகியவர்களுக்கு, நெடுநாள் பழகிய பாடல்களில்கூடப் பாடகர்களைப் பற்றிய மதிப்பீடு மாறும்.

அளவுகோலை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்த கணக்கு. 1 கட்டை என்பது மேற்கத்திய இசையின் 'சி', 5 கட்டை என்பது 'ஜி'. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று வழங்கும். ஒருவர் எத்தனை கட்டையில் பாடுகிறார் என்பது அவருடைய ஆதார சட்ஜம், அதாவது அவர் பாட்டுக்கு அடிப்படையான 'ச' சுரம், எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே தெரிவிக்கும். அங்கிருந்து அவர் எவ்வளவு தூரம் ஏறுகிறார், எவ்வளவு தூரம் இறங்குகிறார் என்பதைத் தெரிவிக்காது. பொதுவாக ஆண்கள் 1 கட்டையை ஒட்டியும் பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவது இன்றைய வழக்கம். 1 கட்டையில் பாடும் ஆணின் நடு சட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ், மேல் சட்ஜம் 262, மேல் பஞ்சமம் 392. 5 கட்டையில் பாடும் பெண்ணின் நடு சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மேல் சட்ஜம் 392. அதாவது அந்த ஆணின் மேல் பஞ்சமமும் அந்தப் பெண்ணின் மேல் சட்ஜமும் ஒரே ஒலி. ஆணுக்கு அது அன்றைய கச்சேரியின் சிகரமாக இருக்கும்; பெண்ணுக்கோ, சொல்லின்றி ராகத்தை விரிக்கும் ஆலாபனையின் நடுவே இயல்பாக வந்து இளைப்பாறும் இடம். ஆகவே ஒலியின் உயரத்தை மட்டும் வைத்து ஓர் ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. இரண்டு ஆண்களையே ஒப்பிட்டாலும், அவரவர் சுருதிக்குள் அந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே மேற்கொண்டு பேச முடியும்.

தொண்டைக்குள் நடப்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. மேலே போகப் போகக் குரல் நாண்கள் இழுபட்டு மெலிகின்றன. கீழே வர வரத் தளர்ந்து தடிக்கின்றன. பெரும்பாலான ஆண்களுக்கு 300 ஹெர்ட்ஸைத் தாண்டிய பகுதியில் குரல் தன் இயங்கும் முறையையே மாற்றிக்கொள்ளத் தொடங்கும். 1 கட்டையில் பாடுபவருக்கு அது மேல் ரிஷபத்தையும் ('ரி') காந்தாரத்தையும் ('க') ஒட்டிய இடம். ஆலாபனையில் மேல் காந்தாரத்தைத் தொடும்போது கேட்பவர்களுக்கு ஒரு சிலிர்ப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குரல் உடையக்கூடிய எல்லையில் பாடகர் உடையாமல் நிற்கிறார். உடைந்து, இயல்பான குரலை விட்ட மெல்லிய கள்ளக் குரலுக்குப் போய்விட்டால் அந்தச் சிலிர்ப்பு வருவதில்லை, நம் சங்கீத மரபும் அதை ஏற்றுக்கொள்வதில்லை. கீழே நிலைமை வேறு. மேல் ஸ்தாயியில் மூச்சின் அழுத்தத்தைக் கூட்டி ஓரளவு சமாளித்துவிடலாம். கீழ் ஸ்தாயியில் அழுத்தினால் சுரம் கரகரத்துவிடும், அல்லது இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே நகர்ந்துவிடும். அங்கே பலத்துக்கு வேலையில்லாததால் பாடகர் மறைந்துகொள்ளவும் இடமில்லை. ஒருவருடைய சுருதி ஞானம் எவ்வளவு உறுதியானது என்பதை அறிய நான் கீழ்ப் பஞ்சமத்தைக் கவனிப்பது இதனால்தான்.

அப்படியிருந்தும் மேல் ஸ்தாயிக்கு மட்டும் இவ்வளவு மதிப்பு எப்படி வந்தது? ஒலிபெருக்கி இல்லாத காலத்து நாடகக் கொட்டகையில் அதற்கு விடை இருக்கிறது. மனிதக் காது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். மேல் சுருதியில், கணீரென்ற குரலில் பாடுபவரின் ஒலியாற்றல் அந்தப் பகுதியில் நிறையச் சேர்கிறது; தரை டிக்கெட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டின் சொற்கள் போய்ச் சேருகின்றன. செங்கோட்டை கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அந்தக் கொட்டகைகள் உருவாக்கிய குரல்கள். கிட்டப்பா 1933இல், முப்பது வயதை எட்டுவதற்கு முன்பே மறைந்துவிட்டார். இசைத்தட்டுகளில்தான் நாம் அவரைக் கேட்கிறோம். சுந்தராம்பாளைப் பல ஆண்டுகள் கழித்து 1953இல் 'அவ்வையார்' படத்திலும் 1965இல் 'திருவிளையாடல்' படத்திலும் கேட்க முடிகிறது. வயது ஏறிய பிறகும் அவர் மேல் ஸ்தாயியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவரிடம் நான் வியப்பது அந்த உயரத்தை மட்டுமன்று. உயரத்தில் நின்றபடி மெய்யெழுத்துகளைக்கூடத் தேயவிடாமல் உச்சரிப்பதுதான். மேலே போகும்போது பெரும்பாலான பாடகர்கள் சொல்லைக் கைவிட்டு, 'ஆ' என்று மட்டும் இசைக்கும் அகாரத்தில் தஞ்சம் புகுவார்கள். சுந்தராம்பாளிடம் சொல்லும் சுரமும் ஒன்றாகவே ஏறுகின்றன.

பழைய இசைத்தட்டுகளைக் கொண்டு ஒப்பிடுபவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். 1925ஐ ஒட்டி மின்முறை ஒலிப்பதிவு வருவதற்கு முன், பாடகர்கள் ஒரு கூம்புக்குள் பாட, அந்த அதிர்வே நேரடியாகத் தட்டில் பதிந்தது. அந்தப் பதிவுகளில் குரலின் தாழ்ந்த ஒலிகள் பெரிதும் அடிபட்டுப் போயின. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடமிருந்தது. கீழே தொடங்கிப் படிப்படியாக ராகத்தை விரிக்க அங்கே நேரம் இல்லாததால், பாடகர் எடுத்த எடுப்பிலேயே மேலே போய்த் தன் திறமையைக் காட்ட வேண்டியிருந்தது. தட்டு சுழலும் வேகம் இன்னொரு சிக்கல். பதிந்த வேகத்தைவிட ஆறு சதவீதம் கூடுதலாகச் சுழலவிட்டால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். இன்று இணையத்தில் கிடைக்கும் பழைய பதிவுகளில் வேகம் சரிபார்க்கப்படாதவை நிறைய உண்டு. கைப்பேசியில் உள்ள தம்புராச் செயலியை வைத்துச் சுருதியைக் கண்டுபிடித்து, இந்தப் பாடகர் இத்தனை கட்டையில் பாடினார் என்று அறிவிப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒலிபெருக்கி வந்ததும் நிலைமை மாறியது. நாகஸ்வரத்தில் இதற்கு இணையான ஒரு மாற்றம் நடந்தது. குட்டையான, மேல் சுருதியுள்ள திமிரியின் இடத்தை நீளமான, சுருதி தாழ்ந்த பாரி பிடித்துக்கொண்டதில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும் பங்கு உண்டு. வாய்ப்பாட்டில் முசிரி சுப்பிரமணிய ஐயர் மேல் சுருதிக் காலத்தின் குரல். ஆனால் அந்த உயரத்திலேயே மெதுவான விளம்ப காலத்தில், ஒரே வரியைப் பலவிதமாக விரிக்கும் நிரவல் செய்து கண்ணில் நீர் வரவழைத்தவர். அவருக்கு நேர் எதிர்த்துருவத்தில் எம். டி. ராமநாதனை வைக்கலாம். 1 கட்டைக்கும் கீழே சுருதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுரத்தையும் கனமாக இறக்கிவைத்துப் பாடிய அவருடைய கச்சேரியை ஒலிபெருக்கி இல்லாத மண்டபத்தில் கற்பனை செய்வது கடினம். முசிரியின் மேல் சட்ஜத்தையும் ராமநாதனின் மேல் சட்ஜத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தால் ஒலியின் உயரத்தில் பெரிய இடைவெளி இருக்கும். அந்தச் சுரத்தை எட்டும்போது இருவரும் காட்டும் நிறைவில் எந்த இடைவெளியும் இல்லை. தாரம் எனப்படும் மேல் ஸ்தாயி அவரவர் குரலுக்குள் அமையும் இடம் என்பதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று இந்த இருவரும்.

திரைப்பாடலில் ஒப்பீடு இன்னும் சுவையானது. ஒரே பாட்டில் பல குரல்கள் அருகருகே நிற்கும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது. 1964இல் வந்த 'கர்ணன்' படத்தில் கர்ணனின் கொடையைப் புலவர்கள் புகழும் பாடலைச் சீர்காழி கோவிந்தராஜன், திருச்சி லோகநாதன், டி. எம். சௌந்தரராஜன், பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகிய நால்வரும் பாடியிருக்கிறார்கள். பாட்டு எழுதியவர் எங்கள் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன். இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. ஒரு குரல் போய் இன்னொரு குரல் வரும்போது பாட்டின் வெளிச்சமே மாறுவதை அதில் கேட்கலாம். சீர்காழியின் குரலில் எந்த ஸ்தாயியிலும் ஒரு கூர்மை உண்டு. அவர் நடு ஸ்தாயியில் பாடினாலும் மேலே பாடுவது போலக் காதில் படும். பலர் அவரை 'எவ்வளவு உயரம்' என்று வியப்பது பெரும்பாலும் இந்தக் கூர்மையைக் கேட்டுத்தான். உண்மையான சுரத்தின் உயரம் அவ்வளவு இருக்காது. ஸ்ரீநிவாஸிடம் இது தலைகீழாக அமையும். மென்மையும் காற்றும் கலந்த குரல் என்பதால், நடு ஸ்தாயியில் பாடினாலும் தாழ்ந்து பாடுவதாகத் தோன்றும். குரலின் நிறத்தையும் சுரத்தின் உயரத்தையும் நம் காது எவ்வளவு எளிதாகக் கலந்துவிடுகிறது என்பதற்கு இந்த ஒரு பாட்டுப் போதும். லோகநாதனிடம் நடு ஸ்தாயியின் கனம் நிதானமாக வெளிப்படுகிறது. அவரைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது.

சௌந்தரராஜனைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிவாஜி கணேசனுக்கும் எம். ஜி. ஆருக்கும் அவர் குரலை மாற்றிப் பாடியது எல்லோரும் அறிந்தது. ஸ்தாயி என்ற கோணத்தில் இதைக் கேட்டால் ஒன்று புலப்படும்: சிவாஜிக்குப் பாடும்போது அடித்தொண்டையின் கனத்தை மேல் ஸ்தாயி வரைக்கும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறார், எம். ஜி. ஆருக்குப் பாடும்போது மேல் ஸ்தாயியின் கூர்மையை நடு ஸ்தாயிக்கு இறக்கிக் கொண்டுவருகிறார். ஒரு ஸ்தாயியின் குணத்தை இன்னொரு ஸ்தாயிக்குள் கொண்டுபோகும் இந்த வித்தையை அவர் அளவுக்குச் செய்தவர் தமிழ்த் திரையில் வேறு எவரும் இல்லை என்பேன்.

'திருவிளையாடல்' படத்தின் கதைகளில் ஒன்று பாடகர்களின் போட்டியைப் பற்றியது. கே. வி. மகாதேவன் இசையில், செருக்கு மிகுந்த ஹேமநாத பாகவதருக்குப் பாலமுரளி கிருஷ்ணாவின் குரலும், சிவபெருமானுக்குச் சௌந்தரராஜனின் குரலும் அமைந்தன. இரண்டு பாடல்களும் கண்ணதாசன் எழுதியவை. கதைப்படி சிவன் வெல்கிறார். குரல்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால் முடிவு அவ்வளவு எளிதன்று. பல ராகங்கள் மாறிவரும் தம் பாடலில் பாலமுரளி கிருஷ்ணா ஒரு ஸ்தாயியிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் இடமே தெரிவதில்லை. மூன்று ஸ்தாயிகளிலும் ஒரே பருமன், ஒரே வழவழப்பு. மூன்று ஸ்தாயியும் ஒரே குரலாக இருப்பது என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. கௌரிமனோகரி ராகத்தில் அமைந்த தம் பாடலில் சௌந்தரராஜன் ஏறும்போது, ஏறுவது நமக்குத் தெரிகிறது. முயற்சி கேட்கிறது, அந்த முயற்சியே பாட்டுக்குக் கம்பீரம் தருகிறது. எளிமையாகக் கடந்துபோகும் குரல் செருக்குள்ளவனுக்கும், உழைத்து ஏறும் குரல் இறைவனுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. யார் பெரிய பாடகர் என்று கேட்டால் பாலமுரளி கிருஷ்ணா என்பேன். எந்தப் பாட்டு மனத்தில் நிற்கிறது என்று கேட்டால் சௌந்தரராஜன் பாடியதைச் சொல்வேன். கடக்கும் இடம் தெரியாமலிருப்பது மட்டுமே சிறப்பு என்று விதி வகுத்துவிட முடியாதபடி அந்தப் பாட்டு என்னைத் தடுக்கிறது.

பெண் குரல்களில் டி. கே. பட்டம்மாளைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஊர்க்காரர் எவரும் கட்டுரையை முடிக்கக் கூடாது. ஏவி. மெய்யப்பன் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்திய காலத்தில் எடுத்து, 1947இல் வெளியான 'நாம் இருவர்' படத்தில் பாரதியார் பாடல்களைப் பட்டம்மாள் பின்னணி பாடினார். நாடக மேடை வளர்த்த காதுகளுக்கு அந்தக் குரல் வேறுவிதமாக இருந்திருக்க வேண்டும். தாழ்ந்த, கனமான, அசையாத குரல் அது. எம். எஸ். சுப்புலட்சுமி மேல் ஸ்தாயியில் மலர்வது போலப் பட்டம்மாள் மலர்வதில்லை. சுப்புலட்சுமியின் குரலுக்கு இருந்த பரப்பும் ஒளியும் தனி. ஆனால் கீழ் ஸ்தாயியில் பட்டம்மாள் ஒரு சுரத்தை வைத்தால் அது தூணை நட்டதுபோல நிற்கும். விடுதலையைப் பாடும் பாட்டுக்கு மேல் ஸ்தாயியின் முழக்கம்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்தப் பதிவுகளைக் கேட்க வேண்டும். உறுதியைச் சொல்வதற்குத் தாழ்ந்த குரல் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். பின்னால் வந்த பி. சுசீலாவிடம் நான் மதிப்பது நடு ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரலின் பருமன் மெலியாமல் இருப்பதை, எஸ். ஜானகியிடம் மதிப்பது, வேண்டுமென்றே அதை மெலியவைத்துக் குழந்தையாகவும் கிழவியாகவும் மாற்றிக்காட்டும் துணிச்சலை.

நடு ஸ்தாயியைப் பற்றிச் சொல்வதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் 1890இல் பிறந்த ராமானுஜ ஐயங்கார்தான் இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நடுத்தர வேகமான மத்திம காலத்தை அவர் கச்சேரியின் உயிராக்கியதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர் பாட்டின் பெரும்பகுதி நடு ஸ்தாயியிலேயே நடமாடுவதைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. மேலே போவார், வேண்டிய அளவு நிற்பார், உடனே திரும்பிவிடுவார். மூன்று மணி நேரக் கச்சேரியின் முடிவிலும் குரல் களைக்காமல் இருப்பதற்கு இந்தச் சிக்கனம் ஒரு காரணம். திருப்பாவையின் 30 பாசுரங்களுக்கும் அவர் அமைத்த ராகங்களும் மெட்டுகளும்தான் இன்று மார்கழி விடியற்காலையில் எங்கும் ஒலிக்கின்றன. நாட்டை ராகத்தில் முதல் பாசுரத்தையும் ஆரபியில் மூன்றாம் பாசுரத்தையும் சங்கீதம் கற்காத பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து பாடிவிட முடிகிறது என்றால், ஒரு பெரிய வித்துவான் தம் மெட்டைச் சாதாரணத் தொண்டைக்கு எட்டும் இடத்தில் வைத்தார் என்பதே காரணம்.

இந்த அறிவு சங்கீத வித்துவான்களிடம் மட்டும் இருப்பதன்று. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியோடு போனவர்களுக்கு இது தெரியும். முன்னால் பாடுபவர் சுருதியை எங்கே வைக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் கூட்டம் பாடுவதும் பாடாமல் நடப்பதும். குரல் வளம் மிக்க ஒரு பெரியவர் தாழ்வாகவே எடுத்துக் கொடுத்துக்கொண்டு வந்ததைக் கண்டு, 'ஐயா, நீங்க இன்னும் மேல எடுக்கலாமே' என்று கேட்டேன். 'நான் ஏறிட்டா, பின்னால வர்றவுக எப்படிப்பா ஏறுவாக?' என்றார். எங்கள் அப்பத்தா தாலாட்டுப் பாடியதும் தாழ்ந்த குரலில்தான். மடியில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் கேட்க வேண்டிய பாட்டு அது. வீட்டின் பட்டாலையைத் தாண்டி வளவுக்குக்கூட எட்டாது. ஆனால் ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் அவர் ஆதார சுரத்துக்கு வந்து சேரும் துல்லியத்தைப் பிற்பாடு நான் கேட்ட பல மேடைப் பாடகர்களிடம் கேட்டதில்லை.

பொங்கல் விழாக்களிலும் கோயில் விழாக்களிலும் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி வைக்கிறார்கள். நடுவராக உட்காருபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் உச்சம் நிறைந்த திரைப்பாடல்களையே எடுத்துக்கொண்டு, தங்கள் சுருதியைப் பாராமல் மூலப் பாடகரின் சுருதியிலேயே பாடி, தொண்டை கிழிய மேலே ஏறுகிறார்கள். பரிசும் அதற்கே கிடைக்கிறது. பாட்டைத் தொடங்கும் முன் தங்கள் சுருதியைக் கண்டுபிடித்துச் சொல்லச் செய்யுங்கள். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜம் வரை ஒருமுறை அகாரமாக ஏறி இறங்கச் சொல்லி, ஒவ்வொரு சுரத்திலும் குரல் அதே குரலாக இருக்கிறதா என்று கேட்டு, அதற்கும் மதிப்பெண் போடுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.